ரேடியோ சொன்னதை ரேடியோவே திருத்தட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் ஊர் வயக்காட்டில் பிசான நடவுக்கு வரப்பு வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் பாம்பு கடித்துவிட்டது. எனக்கு மாமா முறை, வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் (ஊருக்குள் இன்னமும் 'கம்பவுண்டர்'தான்), அதனால் பைக்கை முதலில் என் வீட்டு வாசலில்தான் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வேட்டியைத் தூக்கிப் பார்த்தால் முழங்காலுக்கு மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு, இரண்டும் மூட்டை கட்டுகிற நைலான் கயிறு, தோலுக்குள் இறங்கிக் கிடக்கிறது. கால் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. "ஏன் மாமா இந்த இறுக்கு இறுக்கியிருக்கீங்க?" என்றேன். அந்த வலியிலும் ஒரு பெருமையோடு சொன்னார்: "ரேடியோவுலதாம்ல அன்னைக்கே சொன்னான், கடிச்ச எடத்துக்கு மேல கட்டுப் போடணும்னு. ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. சின்ன வயதில் நானும் கேட்டிருக்கிறேன். எந்த நிலையம் என்று இப்போது சொல்லத் தெரியாது, அந்தக் காலத்தில் நெல்லை, திருச்சி, இலங்கை எல்லாம் ஒரே பெட்டியில் ஒன்று மாற்றி ஒன்று வரும். அன்றைக்கு முதலுதவிப் புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது, பள்ளிக்கூடத்தில் வாத்தியாரும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். பிற்பாடுதான் மருத்துவர்கள் வேண்டாம் என்றார்கள். இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று கட்டுக்குக் கீழே சதை செத்துப்போகும், விரியன் கடியாக இருந்தால் விஷம் அந்த ஓர் இடத்திலேயே தேங்கிச் சதையை இன்னும் அரிக்கும், சட்டென்று அவிழ்த்தால் தேங்கினது மொத்தமும் ஒரே மூச்சில் உடம்புக்குள் ஏறும். அதனால்தான் அன்றைக்கு என் வாசலில் அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு அறுக்கவும் முடியாமல், விடவும் மனசு கேட்காமல் நின்றேன். 108-க்குப் போன் போட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்தைத் தயாராக ஏற்றிக்கொண்டுதான் கட்டைத் தளர்த்தினார்கள். கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்த்தார்களாம், உறையவில்லை. அப்படியென்றால் விரியன் என்று அர்த்தம். பிழைத்துக்கொண்டார். ஆனால் விஷத்தால் வந்த புண்ணை விடக் கயிறு போட்ட புண்தான் அவரை அதிக நாள் படுக்க வைத்தது.

இந்தக் கடிதம் எழுத அதுதான் காரணம். ரேடியோ ஒரு தடவை சொன்னது இந்த ஊர்க்காரன் காதில் ஐம்பது வருஷம் நிற்கிறது. அப்படி நின்ற சொல்லை யார் வந்து மாற்றுவது?

ரேடியோ சொன்னால் ஏன் அவ்வளவு நம்பினோம் என்று இளவட்டங்களுக்குப் புரியாது, அதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பரில் தொடங்கியபோது எனக்கு ஆறு வயது. வீட்டில் பெட்டி கிடையாது. பஞ்சாயத்து ரேடியோதான், ஒரு சின்ன அறை, மேலே குழாய் ஒலிபெருக்கி, சாயங்காலம் ஆனால் கீழே மணலில் ஊரே உட்கார்ந்திருக்கும். விவசாயம், சந்தை நிலவரம், ஆற்றில் தண்ணீர் திறப்பு என்று கேட்டுக்கொண்டே இருக்கும்போது நடுவில் ஒரு டாக்டர் வந்து குடும்பக் கட்டுப்பாடு பேச ஆரம்பிப்பார். சிவப்பு முக்கோணச் சின்னம், நாம் இருவர் நமக்கு இருவர். மாமனார் மருமகன் எல்லாம் ஒரே மணலில் உட்கார்ந்திருக்கிற இடத்தில் இதைக் கேட்க முடியுமா? ஒவ்வொருத்தராக வேட்டியைத் தட்டிவிட்டு எழுந்து போவார்கள். ஆனால் ரொம்பத் தூரம் போகமாட்டார்கள், பக்கத்துத் தெரு முக்கில் போய் பீடி பற்ற வைத்துக்கொண்டு அங்கே நின்று கேட்பார்கள். ஒலிபெருக்கிக்கு அந்தச் சௌகரியம் உண்டு.

பெண்கள் கேட்டது வேறு இடத்தில். முக்கூடல் பக்கம் எங்கள் ஊர், பீடி சுற்றுகிற ஊர். மத்தியானம் திண்ணையில் ஆறு ஏழு பேர் மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இருட்டுகிற வரைக்கும் கை நிற்காது. கைக்கும் கண்ணுக்கும்தான் வேலை, காது சும்மா இருக்கிறதே. டிரான்சிஸ்டர் வந்த பிறகு ஜன்னலில் அது எப்போதும் பாடிக்கொண்டிருக்கும். "ஏட்டி, கொஞ்சம் கூட்டி வையி" என்று அம்மா சொன்னால் டாக்டர் பேச வந்துவிட்டார் என்று அர்த்தம். 1964-ல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரியும், 1965-ல் ஹைகிரவுண்டில் மருத்துவக் கல்லூரியும் வந்ததில் நம் பக்கத்துக்கு ஒரு கொடுப்பினை, பேசுவதற்குப் பக்கத்திலேயே ஆள் கிடைத்தது. சில டாக்டர்கள் புத்தகத் தமிழில் கஷ்டப்படுத்துவார்கள். 'வயிற்றுப்போக்கு' என்று ஒருவர் பத்து நிமிடம் பேசிவிட்டுப் போன பிறகு, "அது என்னடி நோவு?" என்று எங்கள் ஆச்சி கேட்டதும், "கழிச்சலைத்தான் அப்படிச் சொல்லுதாரு" என்று மைனி சொன்னதும், திண்ணையே குலுங்கிச் சிரித்ததும் நினைவிருக்கிறது.

கழிச்சல் என்றால் எங்கள் வீட்டில் சிரிக்கிற விஷயம் இல்லை. 1969-ல் என் தங்கச்சி ஒன்றரை வயதில் அதில்தான் போனாள். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று சொல்லித் தண்ணீரை நிறுத்தினார்கள், பாலை நிறுத்தினார்கள், கஞ்சியை நிறுத்தினார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, அன்றைக்கு எல்லோர் வீட்டிலும் அதுதான் வைத்தியம். அப்புறம் பல வருஷம் கழித்து ரேடியோவில் அந்தக் கணக்கு வந்தது: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணீர், சர்க்கரை தலை தட்டின ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. 'லிட்டர்' என்றால் என்ன என்று அம்மாவுக்குத் தெரியாது. ஐந்து டம்ளர் என்று அந்த டாக்டரே சொன்னார், புண்ணியவான். உப்பு கூடிப்போனால் பிள்ளைக்கு ஆபத்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார், கண்ணீரை விட அதிகமாகக் கரிக்கக்கூடாது என்றும் சொன்னார். அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் அடுப்புக் கரியால் அடுப்படிச் சுவரில் எழுதினாள். எழுத்து என்று பெரிதாகத் தெரியாது, ஐந்து கோடு, பக்கத்தில் ஆறு புள்ளி, கீழே ஒரு பாதிப் புள்ளி. ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்கிறபோது அது அழியும், வெள்ளை காய்ந்ததும் முதல் வேலையாக மறுபடி கோடு போடுவாள். தெருவில் எந்தப் பிள்ளைக்குக் கழிச்சல் என்றாலும் எங்கள் அடுப்படிக்கு வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

2022 அக்டோபரில் டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் இறந்தபோது செய்தியைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 1971-ல் வங்கதேசப் போர் நேரத்தில் அகதி முகாமில் காலராவில் ஜனங்கள் செத்து விழுகிறார்கள், நரம்பில் ஏற்றுகிற மருந்து தீர்ந்துவிட்டது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டிரம்மில் ஊற்றிவைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அந்தக் கலவையைச் செய்கிற விதத்தை வங்கதேச விடுதலைக்காரர்களின் ஒரு ரகசிய வானொலி ஒலிபரப்பியதாம். அங்கே ரகசிய ரேடியோ சொன்னது, இங்கே சர்க்கார் ரேடியோ சொன்னது, என் அம்மா சுவரில் ஏறியது. மூன்றும் ஒரே சமாச்சாரம்.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு இதன் இன்னொரு பக்கத்தையும் பார்த்தேன். முந்தின நாள் ரேடியோவில் எதைப் பற்றிப் பேச்சு என்பதைக் கேட்காமலே சொல்லிவிடலாம், மறுநாள் காலையில் ஜன்னலில் வந்து நிற்கிற கூட்டமே சொல்லிவிடும். "அந்த உப்புப் பொட்டலம் குடுங்க", "அந்த உணர்ச்சியத்த தேமலு எனக்கு இருக்கான்னு பாருங்க". தொழுநோய் என்ற வார்த்தையை வாயால் சொல்லக் கூசினவர்கள் 'உணர்ச்சியற்ற தேமல்' என்று ரேடியோ கொடுத்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தைரியமாக வந்தார்கள்.

பெரியம்மை ஒழிந்த கதையை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாகப் போகிறேன். கடைசி நேரத்தில் பெரியம்மை கண்ட ஆளைக் காட்டிக்கொடுத்தால் 1000 ரூபாய் சன்மானம் என்று அறிவித்தார்கள், ஊரில் சின்னம்மை போட்ட பிள்ளையை எல்லாம் ஆள் வந்து எட்டிப் பார்த்தார்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் அது முடிந்தது. போலியோ சொட்டு மருந்து 1995-ல் நாடு முழுக்க ஒரே நாளில் போட ஆரம்பித்தபோது, "போன தடவைதானே போட்டோம், திரும்ப எதுக்கு?" என்ற கேள்விக்கு நான் ஒருவன் ஜன்னலில் நின்று பதில் சொல்லி மாளாது. ரேடியோதான் சொல்லிச் சொல்லி ஓய்ந்தது. 2011 ஜனவரிக்குப் பிறகு நாட்டில் ஒரு பிள்ளைக்கும் இயற்கையான போலியோ கிருமியால் அது வரவில்லை, 2014-ல் சான்றிதழும் கொடுத்துவிட்டார்கள்.

எல்லாமே நன்றாக நடந்தது என்று சொல்லமாட்டேன். எய்ட்ஸ் வந்த சமயத்தில் ரேடியோ, சுவரெழுத்து, நோட்டீசு எல்லாம் சேர்ந்து 'உயிர்க்கொல்லி, உயிர்க்கொல்லி' என்று போட்ட கூச்சலில் ஜனங்கள் நோயை விட நோயாளியைப் பார்த்துத்தான் பயந்தார்கள். சென்னையில் 1986-ல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் முதன்முதலில் அதைக் கண்டுபிடித்துச் சொன்னதிலிருந்து, 2004-ல் இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது வரைக்கும் பதினெட்டு வருஷம். மருந்து வந்த பிறகு அது மாத்திரை போட்டுக்கொண்டு வாழ்கிற நோயாகிவிட்டது. ஆனால் அந்த 'உயிர்க்கொல்லி' என்ற சொல் இன்னமும் ஊரில் உயிரோடு இருக்கிறது.

இன்னொன்று, பீடி. புகை பிடிக்காதே, புற்றுநோய் வரும் என்று ரேடியோ சொல்லும், அதைக் கேட்டுக்கொண்டே திண்ணையில் ஆயிரம் பீடியை அம்மா முடித்திருப்பாள். பீடி குடிக்கிறவனுக்கு என்ன ஆகும் என்று ஆயிரம் தடவை கேட்டாயிற்று. நாள் முழுக்கத் தூள் நெடியில் உட்கார்ந்து சுற்றுகிறவளுக்கு என்ன ஆகும் என்று பேசி நான் கேட்டதில்லை. பீடித் தொழிலாளருக்கென்று தனி ஆஸ்பத்திரி இருக்கிற பக்கம் இது, சொல்ல ஆளா இல்லை?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாம்புக்கடிக் கட்டு ஒன்று மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இப்படி நிறைய இருக்கின்றன. மூன்று வாரத்துக்கு மேல் இருமினால் காசநோயா என்று சளியைச் சோதி என்றுதான் முன்பெல்லாம் சொன்னார்கள், இப்போது இரண்டு வாரம். இன்னும் மூன்று வாரக் கணக்கிலேயே இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். காசநோய்க்கு முன்பு ஒன்றரை வருஷம்கூட மருந்து, ஊசி. இப்போது பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம். ஒன்றரை வருஷம் என்ற பழைய பயத்திலேயே ஆஸ்பத்திரிப் பக்கம் வராதவர்களும் உண்டு. தாய்ப்பால் மட்டும் நான்கு மாதம் என்றார்கள், 2001-ல் உலக சுகாதார நிறுவனம் அதை ஆறு மாதம் என்று சொன்னது. நான்காம் மாதமே கஞ்சி கொடுக்கிற ஆச்சிமார்கள் தப்பானவர்கள் இல்லை, அவர்கள் பிள்ளை பெற்ற காலத்து ரேடியோவைக் கேட்டவர்கள்.

டெங்குதான் இதில் பெரிய பாடம். 2012-ல் கடையநல்லூர் பக்கமெல்லாம் காய்ச்சல் என்ன பாடுபடுத்தியது என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சமயத்தில் எங்கள் தெருவில் எல்லோரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சாக்கடை வாரினார்கள். கொசு என்றால் சாக்கடை, இது யானைக்கால் காலத்திலிருந்து கேட்டுக் கேட்டு ஊறினது. சாக்கடையைப் பளிச்சென்று வாரிவிட்டு வீட்டுக்குள் வந்தால் சிமெண்டுத் தொட்டியில், அண்டாவில், குடத்தில் நல்ல தண்ணீர் நிரம்பி நிற்கிறது. குழாயில் தண்ணீர் எப்போது வருமோ என்று பிடித்து வைத்தது. டெங்குக் கொசுவுக்கு அந்த நல்ல தண்ணீர்தான் வேண்டும், பகலில்தான் கடிக்கும், முட்டையைத் தண்ணீரில் போடாமல் நீர் மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் ஒட்டிவைத்துவிட்டுப் போகும், காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டால் பொரியும். அதனால் தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது, தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும், முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும் என்பதால் வாரம் ஒரு தரம் தேய்க்க வேண்டும். இதை விளக்க எனக்கு ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் ஆனது. புதுச் சேதி சொல்வதற்கு ஐந்து நிமிடம்தான், மீதி நேரமெல்லாம் சாக்கடையை மனசிலிருந்து எடுப்பதற்கு.

பொதுவாக ரேடியோவில் ஆனாலும், ஏன் உங்கள் பத்திரிகையில் ஆனாலும், புதுச் சேதியை மட்டும்தான் சொல்கிறார்கள். 'பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள்' என்று ஒரு வரி வந்துவிட்டுப் போகும். கேட்கிற எழுபது வயசுக்காரர் என்ன நினைப்பார்? இது யாரோ சின்னப் பையன் சொல்லுதான் என்று விட்டுவிடுவார். 'முன்பு நாங்களே கட்டச் சொன்னோம், அன்றைக்கு மருத்துவம் அறிந்தது அவ்வளவுதான், இப்போது வேண்டாம் என்கிறோம், காரணம் இதுதான்' என்று சொன்னால்தான் பழைய கட்டு அவிழும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருத்துவம் மாறும். மாறினதைச் சொல்லாமல் விட்டால், அந்த இடைவெளியில் வாட்ஸ்அப் டாக்டர்கள் புகுந்துவிடுகிறார்கள். "பாத்தீங்களா, அன்னைக்கு ஒண்ணு சொன்னாங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்லுதாங்க, எல்லாம் மருந்துக் கம்பெனி வேலை" என்று ஒரு குரல் பதிவு வந்தால் போதும், எங்கள் தெருவில் ஓர் அக்கா பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்று வாரம் கழித்து வாய் கோணிப்போய் வந்தார். அந்தக் குரல் யாருடையது, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. ரேடியோவில் பேசுகிற டாக்டர் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, வேலை பார்க்கிற இடத்தைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார். பிடிக்கவில்லை என்றால் அஞ்சலட்டை எழுதிப் போட்டுத் திட்டலாம். நான் பதினைந்து பைசா கார்டில் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன், ஒரு தடவை பதிலும் வாசித்தார்கள்.

ஆகவே வானொலி நிலையத்தாருக்கு என் விண்ணப்பம் இது. வாரத்துக்கு ஒரு பத்து நிமிடம். பழைய மருத்துவப் பேச்சுகளில் எது நாடாவில் பிழைத்துக் கிடக்கிறதோ அதை எடுத்துக் கொஞ்சம் போடுங்கள், எழுபதுகளின் குரல் அப்படியே கேட்கட்டும், எங்களைப் போன்ற கிழடுகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவோம். உடனே பக்கத்தில் இன்றைய டாக்டர் ஒருவரை உட்கார வைத்து, இதில் எது நிற்கிறது, எது மாறிவிட்டது, ஏன் மாறியது என்று கேளுங்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் போல நிற்கிறது எவ்வளவோ இருக்கும். நாடா இல்லையென்றாலும் பரவாயில்லை, 'அந்தக் காலத்தில் ரேடியோவில் கேட்டு இன்றைக்கும் செய்கிறது என்ன' என்று நேயர்களைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள், மூட்டை மூட்டையாக வரும். பேச்சு நம் ஊர்ப் பேச்சாக இருக்கட்டும், கழிச்சலைக் கழிச்சல் என்றே சொல்லட்டும். முதல் வாரம் பாம்புக்கடியை வைத்துக்கொள்ளலாம். 2024 நவம்பரில் தமிழக அரசே பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியதாக அறிவித்துவிட்டது, இனி அறுப்பும் வரப்போகிறது. சொல்ல வேண்டியதும் அதிகமில்லை: கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, கடிபட்ட காலை ஆட்டாமல் படுக்க வை, மோதிரம் கொலுசு இருந்தால் கழற்று, மந்திரிக்கப் போகாமல் 108-ஐக் கூப்பிடு.

இந்தக் கடிதத்தை எழுதி முடித்து மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு, தலைமாட்டில் வழக்கம்போல நெல்லை நிலையத்தின் 1197-ல் ரேடியோப் பெட்டி முணுமுணுத்துக்கொண்டிருக்க, முழுசும் கேட்டார். "கயிறு கட்டக்கூடாதுன்னு அந்த டாக்டர் சொன்னாரு, இப்ப நீயும் சொல்லுத. இருக்கட்டும்" என்றார். பெட்டியைக் கையால் காட்டினார். "இவன் சொல்லட்டும், அப்புறம் நம்புதேன்."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவர்,
முக்கூடல் வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.